தங்கள் பக்கத்துப் பூட்டைத் திறப்பது தொடர்பாக

அனுப்புநர்:
பத்தொன்பதாம் எண் வீட்டுக்காரர்,
பேருந்துப் பணிமனை டைம் கீப்பர் (ஓய்வு),
அமைப்பாளர், காட்டுத்தீ முன்னெச்சரிக்கைக் குழு,
குடியிருப்போர் சங்கம்.

பெறுநர்:
நாற்றுப்பண்ணை உரிமையாளர் அவர்கள்,
மேற்படி வீட்டை ஒட்டிய பின் கேட்டுக்கு அந்தப் பக்கம்.

பொருள்: காட்டுத்தீ ஏற்பட்டால் நாற்பத்திரண்டு வீட்டாரும் வெளியேற வசதியாக, தாங்கள் தங்கள் பக்கத்தில் பூட்டியுள்ள பூட்டைத் திறந்து உதவக் கோருதல்.

பார்வை: சங்கப் பொதுக்குழுவின் தீர்மானம் எண் நான்கு. (அதை நான் கொண்டுவரவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் செடிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவியும் நலம். தாங்கள் எனக்கு உடன்பிறந்த தம்பி என்பதை இந்தக் கடிதத்தில் எந்த இடத்திலும் பயன்படுத்திக்கொள்ளப் போவதில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். இது அலுவல் கடிதம். கடந்த ஆறு வருடம் இரண்டு மாதமாக நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதும் இதற்குத் தடையாகாது. பேசாதவர்களுக்காகத்தானே கடிதம் என்ற ஒன்று இருக்கிறது.

போன கோடையில் மேட்டுக்கு அந்தப் பக்கம் புதர்க்காடு பற்றி எரிந்தது தாங்கள் அறிந்ததே. மூன்று நாள் எங்கள் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த துணிகள் எல்லாம் சாம்பல் நிறத்துக்கு மாறின, என் வெள்ளைச் சட்டைகளில் இரண்டு இன்னும் வெள்ளைக்குத் திரும்பவில்லை. அதன்பின் சங்கத்தைக் கூட்டினார்கள். கூட்டம் நடந்த மண்டபத்தின் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் கண்முன்னால் அது ஓடினால் எப்படிப் பொறுப்பது, ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அதே சமயம் கீழே சங்கச் செயலாளரான டெய்லர் அம்மா, "காட்டுத்தீ விஷயத்துக்கு யாராவது பொறுப்பு எடுத்துக்கணும், விருப்பம் இருக்கிறவங்க கையத் தூக்குங்க" என்று கேட்டிருக்கிறார். என் கை ஏற்கெனவே மேலே இருந்தது. நான் இறங்கி வருவதற்குள் கைதட்டி முடித்துவிட்டார்கள். இப்படித்தான் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது, நானாகத் தேடிப் போகவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மறுவாரம் தீயணைப்பு நிலைய அதிகாரி வந்து வீடு வீடாகப் பார்த்தார். கூரை ஓரத்துத் தண்ணீர்க்கால்களில் காய்ந்த சருகு நிறைந்திருக்கிறது, தீப்பொறி ஒன்று பறந்து வந்து அதில் உட்கார்ந்தால் வீடு போச்சு என்றார். சுவரை ஒட்டி விறகையும் பழைய அட்டைப்பெட்டியையும் அடுக்காதீர்கள் என்றார். முக்கியமான காகிதங்கள், மருந்து, ஒரு மாற்றுத் துணி, தண்ணீர், டார்ச் இவற்றை ஒரே பையில் போட்டுக் கதவருகே வையுங்கள் என்றார். எல்லாவற்றையும் விட, நாற்பத்திரண்டு வீட்டுக்கும் ஒரே ஒரு சாலை, அதிலும் ஒரு குறுகிய சிறுபாலம், எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினால் பாலத்தில் மாட்டிக்கொள்வீர்கள், ஆகவே எப்படிக் கிளம்புவது என்று ஒரு திட்டம் போடுங்கள் என்றார். திட்டம் போடுவது எனக்குப் புதிதா. நாளொன்றுக்கு இருநூற்றுப் பதினாறு பேருந்துகளை ஒரே வாசல் வழியாக வெளியே அனுப்பியவன் நான். அன்று மாலையே உட்கார்ந்து நாற்பத்திரண்டு வீட்டுக்கும் புறப்படும் நேரம் குறித்தேன். முதல் வீடு பத்து மணி. இரண்டாம் வீடு பத்து மணி ஒன்றரை நிமிடம். அப்படியே ஒவ்வொன்றாக. அச்சடித்து, லேமினேட் செய்து, ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டச் சொன்னேன். பலர் பாராட்டினார்கள். தீ பத்து மணிக்குத்தான் வரும் என்று எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். அவரை நான் பொருட்படுத்தவில்லை.

முதல் ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. பாலத்தருகே விசிலும் பதிவேடுமாக நின்றேன். முதல் ஆறு வீடும் நேரம் தவறாமல் வந்தன, எனக்குப் பழைய பணிமனையே கண்முன் வந்தது. ஏழாம் வீட்டுப் பல் டாக்டர் இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். வந்தவர் போக வேண்டியதுதானே, சாலை நடுவில் காரை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டு, "எனக்குப் பத்து ஒன்பதுக்குத்தான் போட்டிருக்கீங்க, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் நின்றன. நான் கையைக் காட்டினேன், விசில் அடித்தேன், அவர் கடிகாரத்தைக் காட்டினார். பத்து ஒன்பதாகி அவர் கிளம்பப் பார்த்தபோது கார் கிளம்பவில்லை. நான்கு பேர் தள்ளினார்கள். காருக்குள் இருந்த அட்டைப்பெட்டிகளில் நோயாளிகளின் பல் அச்சுகள் இருந்தன, வருகிறவர் போகிறவரைப் பார்த்தெல்லாம் அவை சிரித்துக்கொண்டிருந்தன. "முக்கியமான பொருள்னு சொன்னீங்களே. நூத்திப்பத்து பேரோட பல்லுக்கு நான்தான் பொறுப்பு" என்றார். பதினாலாம் வீட்டுக்காரர் மீன் தொட்டியைத் தண்ணீரோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தார், மீன்கள் இருந்தன, தண்ணீர் சட்டையில் இருந்தது. முப்பதாம் வீட்டுக் கணவனும் மனைவியும் தொலைக்காட்சி ரிமோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, மற்றதை எடுக்கத் தோன்றவில்லை என்றார்கள். இருபத்துமூன்றாம் வீட்டிலிருந்து ஆளே வரவில்லை. போன் செய்தேன். "எங்க டைம் போயிடுச்சு சார். குளிச்சிட்டு இருந்தோம். அடுத்தது எத்தன மணிக்கு?" என்று கேட்டார்கள். காட்டுத்தீயில் அடுத்த வண்டி கிடையாது என்று விளக்கிச் சொல்லவே நான்கு நிமிடம் ஆனது, அதற்குள் இருபத்துநான்காம் வீட்டின் நேரமும் போய்விட்டது.

எல்லாம் முடிய ஒரு மணி ஐம்பது நிமிடம். பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தால் நாற்பத்தொரு வீடுதான் வருகிறது. ஒரு வீட்டைக் காணோம். நான் வழித்தடத்தையே சந்தேகப்பட்டு வீடு வீடாகச் சரிபார்த்தேன். நீங்கள் சிரிக்கக் கூடாது. விட்டுப்போனது பத்தொன்பதாம் எண். என் வீடுதான். டைம் கீப்பர் என்பவன் எல்லா வண்டியையும் அனுப்பிவிட்டுப் பணிமனையிலேயே நிற்பவன், அவனுக்கென்று எந்த அட்டவணையிலும் நேரம் போட்டுப் பழக்கமில்லை. வீட்டுக்கு ஓடினேன். உங்கள் அண்ணி வாசல் நாற்காலியில் செருப்பு மாட்டிக்கொண்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். "பத்துலேர்ந்து. கதவுல ஒட்டினத நாலு தடவ படிச்சிட்டேன். பதினெட்டு இருக்கு, இருபது இருக்கு. நான் எத்தன மணிக்குக் கிளம்பணும்னு நீங்க எழுதவே இல்ல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவளே எழுந்து, "பரவால்ல விடுங்க, நெஜமா தீப் பிடிச்சா நான் பின்வாசல் வழியாப் போய்க்குவேன்" என்று உள்ளே போய்விட்டாள். பின்வாசல் கேட் இரண்டு பக்கமும் பூட்டியிருக்கிறது என்று நான் உரக்க நினைவூட்டினேன்.

ஒத்திகையைப் பார்க்க வந்திருந்த நிலைய அதிகாரி தன் கடிகாரத்தைப் பார்த்தார் (நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது, நான் பொறுத்துக்கொண்டேன்). காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் மேட்டிலிருந்து தீ இறங்க இருபத்தைந்து நிமிடம் போதும், உங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது, இன்னொரு வழி இல்லாமல் முடியாது என்றார். பிறகு அவர் குடியிருப்பின் வரைபடத்தை விரித்து விரலை வைத்தார். "இதோ, இந்த வீட்டோரமா லாரி போற அகலத்துக்கு ஒரு கேட் இருக்கே. அதுக்கு அந்தப் பக்கம் நர்சரி. தரையெல்லாம் ஈரம், காஞ்ச புல்லு கெடையாது, நாப்பது வண்டி தாராளமா நிக்கும், அங்கேர்ந்து நேரா மெயின் ரோடு. இதவிட நல்ல எடம் வேற வேணுமா? யாரோடது அது?" நாற்பத்திரண்டு வீட்டாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர்க்காலைப் பார்த்தேன்.

அந்தக் கேட்டை விட்டுவிட்டு வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான் இரண்டாவது ஒத்திகை வைத்தேன் என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்வதில் தவறில்லை. இந்தத் தடவை அட்டவணை வேண்டாம், சத்தம் கேட்டதும் எல்லோரும் கிளம்புவது என்று முடிவானது. சத்தத்துக்கு என்ன செய்வது? காய்கறி வண்டிக்காரரிடம் நல்ல ஒலிபெருக்கி இருந்தது, அவரும் பொதுக் காரியம் என்று ஒப்புக்கொண்டார். குறித்த நேரத்தில் அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "எல்லாரும் வெளிய வாங்க, சீக்கிரம் வாங்க, பையோட வாங்க" என்று நான் எழுதிக் கொடுத்ததை வரி மாறாமல் சொன்னார். நான்கே நிமிடத்தில் நாற்பத்திரண்டு வீடும் வெளியே வந்துவிட்டது. அப்படியொரு வேகத்தை நான் எந்தப் பணிமனையிலும் பார்த்ததில்லை. எல்லோர் கையிலும் பை இருந்தது. காலிப் பை. தக்காளி என்ன விலை என்று கேட்டார்கள். இது தீ ஒத்திகை என்று நான் கத்தினேன், சரி சார், அரைக் கிலோ போட்டதும் கிளம்பிடறோம் என்றார்கள். காய்கறி வண்டிக்காரரும் வியாபாரி, அவர் என்ன செய்வார், தராசை எடுத்துவிட்டார். பிறகு எல்லோருமாக ஒன்றாகக் காரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார்கள், அங்கே எதிரே ஒரு தண்ணீர் லாரி ஏறி நின்றது, அதுவும் பின்னால் போக முடியாமல் இவர்களும் பின்னால் போக முடியாமல் முக்கால் மணி நேரம். நான் வெயிலில் நின்று எல்லா வண்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள், வயதானவர்கள் இருந்தார்கள், மீன் தொட்டி மறுபடி இருந்தது. இது ஒத்திகை இல்லையென்றால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தபோது நேரம் குறிப்பதையே நிறுத்திவிட்டேன். அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அதற்கடுத்த நாள், அமைப்பாளரே முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று ஏணி போட்டு என் வீட்டுக் கூரையில் ஏறித் தண்ணீர்க்காலைச் சுத்தம் செய்தேன். ஒரு கோணிச் சருகு வந்தது, ஒரு டென்னிஸ் பந்து, போன வருடம் தொலைந்த என் விசில். கூரையிலிருந்து பார்த்தால் உன் பண்ணை முழுக்கத் தெரிகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பச்சை வலைக்குக் கீழே நீ குழாயைப் பிடித்துக்கொண்டு தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாய். அதே கைவைத்த பனியன். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகும்போது காலை இழுத்து இழுத்து வைத்தாய், இரண்டு தடவை முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ திடீரென்று நிமிர்ந்து பார்த்தாய், நான் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே ஏதோ முக்கியமாகப் பார்ப்பதுபோல் தலையை விட்டுக்கொண்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. நீ போகிறவரைக்கும் தலையை எடுக்கவில்லை, கழுத்து பிடித்துக்கொண்டது. இறங்கி வந்து உன் அண்ணியிடம், அவனுக்குக் காலில் என்ன என்று கேட்டேன். "வலது முழங்கால். எட்டு மாசமா. மாடிப்படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்றேன். "தெரியும்" என்றாள். எட்டு மாதம். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது, ஆனால் சொல்லியிருக்கலாம்.

இப்போது நம் வழக்கு. என் பணிநிறைவு விழாவுக்கு நீ ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தாய். இது பதிவேட்டில் உள்ளது. நான் அன்று பேச வேண்டிய உரையைத் தாளில் அழகாக எழுதி வைத்திருந்தேன், உன்னைப் பற்றியும் அதில் நல்லதாக இரண்டு வரி இருந்தது. ஆனால் மேடையேறிய பிறகு மூக்குக் கண்ணாடியைக் காணோம். படிக்க முடியவில்லை. வாயில் வந்ததைப் பேச வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து நீ வாசலில் வந்து நின்றாய், நானும் மைக்கில், "முப்பத்தொரு வருஷத்துல எல்லா பஸ்ஸையும் நேரத்துக்கு அனுப்பிட்டேன், என் தம்பி ஒருத்தனத்தான் நேரத்துக்கு வரவைக்க முடியல" என்றேன். முந்நூறு பேர் சிரித்துக் கைதட்டினார்கள். எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது, சந்தோஷத்தில் இன்னொரு தடவையும் சொன்னேன். நீ சாப்பிடாமல் போய்விட்டாய். மறுநாள் காலை ஏழு பத்துக்கு நம் கேட்டில் உன் பக்கத்துத் தாழ்ப்பாளில் பூட்டு தொங்கியது. ஏழு இருபத்தைந்துக்கு என் பக்கத்துத் தாழ்ப்பாளில் நானும் ஒன்று போட்டேன். அதிலிருந்து தினமும் காலை நடை போகும்போது பன்னிரண்டடி தூரத்தில் நின்று உன் பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். சரி என்று திரும்பிவிடுவேன். என் பதிவேட்டில் தாமதம் என்றொரு கட்டம், அதற்குப் பக்கத்தில் காரணம் என்றொரு கட்டம் உண்டு, எந்த ஓட்டுநர் தாமதமாக வந்தாலும் ஏன் என்று கேட்டு எழுதாமல் விட்டதில்லை. உன் ஐம்பது நிமிடத்துக்கு மட்டும் காரணம் காலியாக இருக்கிறது. நான் கேட்கவில்லை. நீயாகவும் சொல்லவில்லை. டேய், நீயும் சொல்லியிருக்கலாம்டா.

மன்னிக்கவும். அலுவல் கடிதத்தில் எழுத்து கொஞ்சம் தடம் மாறிவிட்டது. அடிக்காமல் விடுகிறேன், இது நான்காவது பிரதி, வேறு தாள் இல்லை.

சங்கத்தின் தீர்மானம் எண் நான்கு என்னவென்றால், பின் கேட்டைத் திறந்து தரும்படி பண்ணை உரிமையாளருக்கு அமைப்பாளர் தன் கைப்பட எழுத வேண்டும் என்பதாகும். சங்கத்தின் பெயரில் டெய்லர் அம்மாவே எழுதலாமே என்று நான் சொன்னதற்கு, "கைப்படன்னு தீர்மானத்துல இருக்கு சார்" என்றார். எனவே தங்கள் பரிசீலனைக்காகக் கீழ்க்கண்ட யோசனையை முன்வைக்கிறேன். பூட்டு முதலில் தங்களுடையது என்பதால் முதலில் தாங்கள் திறப்பதே முறை. தாங்கள் திறந்த அடுத்த நிமிடம் என் பூட்டும் திறக்கப்படும். அதற்கான சாவி, தொடக்கூடாது என்று எழுதிய உறையில், என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. முதலில் திறப்பது தங்களுக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றினால், வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நிலைய அதிகாரி விசில் ஊத, இருவரும் ஒரே சமயத்தில் திறக்கலாம். அவர் கடிகாரத்தை நான் முன்னதாகத் திருத்திக் கொடுத்துவிடுகிறேன். தாங்கள் நேரத்துக்கு வர வேண்டும் என்று தனியாக எழுதவில்லை.

தங்கள் துணைவியாருக்கு என் ஆசிகள். தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளவும். தண்ணீர் விடும்போது ஒரு ஸ்டூலாவது போட்டுக்கொள்ளவும். நீடூழி வாழ்க என்று சொல்லும் வயது எனக்கிருக்கிறது, ஆகவே சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அமைப்பாளர்.

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் நீ படிக்க வேண்டாம். இதை உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், நீ பக்கத்து அறையில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாய், உன் குறட்டை கேட்கிறது. ஆனாலும் நடந்ததை வரிசையாக எழுதிவைத்தால்தான் எனக்கு ஆறும்.

இன்று மதியம் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மணி மூன்று நாற்பது. ஜன்னலில் புகை. மேட்டின் இந்தப் பக்கம், அதாவது நம் பக்கம். நான் வெளியே ஓடி விசிலை ஊதினேன். இந்தத் தடவை யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, யாரும் தக்காளி கேட்கவில்லை. ஆனால் எல்லா வண்டியும் பாலத்தை விட்டுவிட்டு நேராகப் பின் கேட்டுக்கு வந்து என் வீட்டோரம் வரிசையில் நின்றன. நான் சாவிக்காக உள்ளே ஓடினேன். இழுப்பறையைத் திறந்து, தொடக்கூடாது என்ற உறையைப் பிரித்தால், உள்ளே சாவி இல்லை. ஒரு துண்டுச் சீட்டு. உன் அண்ணியின் கையெழுத்தில், என்னிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தது. சீட்டே பழுப்பேறியிருந்தது.

திரும்பி ஓடி வந்தால், அவள் கேட்டருகே நின்று இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியை எடுத்து என் பூட்டில் போட்டாள். துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று பார்த்தேன், சத்தமே இல்லாமல் திறந்தது. "மாசா மாசம் எண்ணெய் விடறேன். வாரத்துல ரெண்டு நாள் போயிட்டு வர வேண்டாமா" என்றாள். அவன் பக்கத்துப் பூட்டு என்று நான் கேட்பதற்குள் கேட்டைத் தள்ளினாள். அது அப்படியே போயிற்று. உன் பக்கத்துத் தாழ்ப்பாள் போட்டிருக்கவே இல்லை, பூட்டு கொண்டியில் சும்மா மாட்டியிருந்தது, ஆறு வருடமாக அதை நீ அழுத்திப் பூட்டவே இல்லையாம். தீர்மானம் எண் நான்கை எழுதிக் கொடுத்தது யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தீ என்றால் திறந்துவிடலாம் என்று அவளுக்கும் டெய்லர் அம்மாவுக்கும் முன்னமே தெரியும், என்னை ஒரு கடிதம் எழுத வைக்கத்தான் அத்தனையும்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் நீ நின்றுகொண்டிருந்தாய். தோளில் ரப்பர் குழாய், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, வேலிக்கு வெளியே இருந்த காய்ந்த புல்லையெல்லாம் ஏற்கெனவே நனைத்து முடித்திருந்தாய். எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்டேன், ஆறு வருடத்துக்குப் பிறகு உன்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான், வேறு எதுவும் என் வாயில் வரவில்லை. "மூணு முப்பத்தொண்ணு அண்ணா. மேல பொகையப் பார்த்தேன்" என்றாய். எனக்கு ஒன்பது நிமிடம் முன்னால். நாற்பத்திரண்டு வீடும் பதினான்கு நிமிடத்தில் உள்ளே வந்தன. தீயணைப்பு வண்டிகளும் உன் பண்ணைச் சாலை வழியாகத்தான் வந்தன, மேட்டடிப் புல்வெளி ஓரத்திலேயே தீயை அணைத்துவிட்டார்கள். ஒரு வீட்டுக்கும் சேதமில்லை. பல் அச்சுகள் இப்போது உன் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே அடுக்கியிருக்கின்றன, மீன்களை உன் தண்ணீர்த் தொட்டியில் விட்டிருக்கிறார்கள்.

பிறகு உன் வீட்டுக்காரி தேநீர் கொடுத்தபோது உன் அண்ணி சாதாரணமாகச் சொன்னாள். விழாவன்று நான் என் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேனாம். அவள் உன்னிடம் சாவியைக் கொடுத்து எடுத்துவரச் சொல்லி அனுப்பினாளாம். நான் மைக்கில் இரண்டாம் தடவை சொன்னபோது அது உன் சட்டைப் பையில் இருந்ததாம். அன்று ராத்திரி அது மேசைமேல் இருந்ததை நானும் பார்த்தேன், எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். "மூணு தடவ வந்தேன். மூணு தடவயும் கையக் காட்டி நிறுத்தினீங்க" என்றாள். உன்னைக் கேட்டேன். நீ தேநீரைக் குடித்தாய்.

தினமும் பன்னிரண்டடி தூரம் வந்திருக்கிறேன். இன்னும் பன்னிரண்டடி வந்து அந்தப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கலாம்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன், முக்கியமான பொருள் என்று என் பையில் இருந்தது அது ஒன்றுதான். உன் ஐம்பது நிமிடத்துக்கு எதிரே காரணத்தை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரியும் எழுதியிருக்கிறேன், எழுந்ததும் பார்த்துக் கையெழுத்துப் போடு.

வண்டி: அண்ணன். வந்து சேர்ந்த நேரம்: மாலை 3.52. தாமதம்: ஆறு வருடம் இரண்டு மாதம். காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு.